பூங்காவுக்கு ஸ்கூட்டரில் போகிறவர்

நடைப்பயிற்சிக்காரரை அடையாளம் காண்பது எளிது. வீட்டிலிருந்து அரை கிலோமீட்டரில் இருக்கும் பூங்காவுக்கு ஸ்கூட்டரில் வருவார். வாசலை ஒட்டி நிறுத்த இடமில்லையென்றால், காலியாகும்வரை தெருவைச் சுற்றிச் சுற்றி வருவாரே தவிர, நாலு கடை தள்ளி நிறுத்த மாட்டார். அங்கிருந்து யார் நடப்பது? உள்ளே நுழைந்ததும் கைவீச்சு தொடங்கிவிடும். எதிரே வருகிறவர்கள் தாமாகவே ஒதுங்கிக்கொள்வார்கள். ஒரு மணி நேரம் கழித்து வாசலில் ஒரு டம்ளர் அருகம்புல் சாறு, அந்த வாடை போக பக்கத்து ஹோட்டலில் இரண்டு மெதுவடை, ஒரு ஸ்ட்ராங் காபி. வீடு திரும்பிச் சாய்வு நாற்காலியில் சரிந்தால் அன்றைய உடல்நலக் கணக்கு முடிந்தது. ஃபேன் ஸ்விட்ச் இரண்டடி தூரத்தில்தான் இருக்கும். ஆனாலும் "இந்தாம்மா, இந்த ஃபேனைக் கொஞ்சம் குறைச்சிட்டுப் போ" என்று சமையலறைக்குக் குரல் போகும். ஏனென்று கேட்டால், "அதான் காலையிலேயே நடந்துட்டேனே!"

அந்த ஒரு மணி நேரத்தில் குறையில்லை. விறுவிறு நடை இதயத்துக்கு நல்லதுதான். மீதி இருபத்துமூன்று மணி நேரத்தில்தான் கோளாறு. எழுவது, குனிவது, மாடியேறுவது, தண்ணீர் எடுத்துவருவது எல்லாம் அவர் கணக்கில் வேலை; உடம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவருடைய தெய்வம் கைக்கடிகாரத்தில் மின்னும் 10,000 என்ற அடிக்கணக்கு. அந்த எண் 1965-இல் ஜப்பானின் யமாசா நிறுவனம் விற்ற நடைமானியின் பெயரில் இருந்தது. விற்பனைக்கு வசதியான முழு எண், அவ்வளவே. 2019-இல் ஆய்வாளர் ஐ-மின் லீ குழுவினர் வயதான அமெரிக்கப் பெண்களின் இடுப்பில் கருவி கட்டிப் பார்த்தார்கள். நாளுக்குச் சுமார் 4,400 அடி வைத்தவர்களிடமே, 2,700 அடியோடு நின்றவர்களைவிட இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 வாக்கில் பலன் கூடுவது நின்றுவிட்டது. கருவி எண்ணியது பூங்கா நடையை மட்டுமல்ல, விழித்திருந்த நேரம் முழுக்க எடுத்துவைத்த அடிகளை. அடுப்படிக்கும் கொல்லைப்புறத்துக்கும் போய்வந்ததும் அதில் சேர்த்தி.

இதைவிடப் பழைய சாட்சி லண்டன் மாடி பஸ். ஒரே நிறுவனம், ஒரே வண்டி. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க ஒரு நாளில் நூற்றுக்கணக்கான படிகளை ஏறியிறங்குவார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று ஆய்வாளர் ஜெரி மோரிஸ் 1953-இல் எழுதினார். (சென்னைக் கண்டக்டரை இதில் சேர்க்க வேண்டாம், இங்கே அவர் சீட்டிலேயே இருக்க, சில்லறைதான் கைமாறி நடக்கும்.) குண்டானவர்கள் டிரைவர் வேலையைத் தேடிப் போயிருக்கலாமே என்று கேட்பது நியாயம். மோரிஸே அதைக் கேட்டுக்கொண்டு சீருடைக் கணக்கைப் புரட்டினார். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவு இளவயதிலேயே பெரிதாகத்தான் இருந்தது. 1956-இல் அதையும் மறைக்காமல் வெளியிட்டார். ஆனால் நடந்து கடிதம் கொடுத்த தபால்காரர்களுக்கும் மேஜையில் உட்கார்ந்த குமாஸ்தாக்களுக்கும் இடையே இதே போன்ற வித்தியாசம் தெரிந்ததால், முழுப் பழியையும் கால்சட்டை மேல் போட்டுவிட முடியவில்லை.

"வீட்டு வேலை உடற்பயிற்சி என்றால், அதை ஓயாமல் செய்யும் பெண்களுக்கு ஏன் சர்க்கரையும் மூட்டுவலியும் வருகிறது?" என்பார் நம்மவர். கேள்வி சரியானதே. பாத்திரம் துலக்கினால் மூச்சு வாங்காது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பையும், தசைக்கு வலுவூட்டும் பயிற்சியையும் கேட்கிறது. அதற்கு முழு ஈடாக விளக்குமாற்றை மட்டும் காட்ட முடியாது. ஆனால் அதே நிறுவனம், ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை 2020-இல் கைவிட்டுவிட்டது. சாப்பிட்டதும் இரண்டு மூன்று நிமிடம் நடமாடினாலே கால் தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். தட்டைத் தானே எடுத்துப்போய்க் கழுவி வைக்கிற நேரம் அது. ஆனால் நம்மவர் தட்டு மேஜையிலேயே கிடக்கிறது. பலன் எழுந்து வந்து எடுப்பவருக்குப் போகிறது. அவருக்கோ அது பலனாகவும் மிஞ்சுவதில்லை. காலையிலிருந்து நிற்கிற கால்களுக்குத் தேவை நாற்காலி. நாற்காலியில் இருப்பவருக்குத் தேவை எழுந்திருப்பது. வேலையில் பாதி இடம் மாறினால் இரண்டு பேருக்கும் ஒரே வைத்தியம், செலவும் இல்லை.

இதை எடுத்துச் சொன்னால் நடைப்பயிற்சிக்காரர் கொதித்துவிட மாட்டார். தாடையைத் தடவிக்கொண்டு, மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போனால் கடிகாரம் எண்ணுமா என்று கேட்பார். எண்ணும், படிக்கட்டையும் சேர்த்தே எண்ணும். ஆனால் பூங்கா நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் பக்கெட்டோடு நிற்கும் படத்தைப் போட முடியுமா என்பதில்தான் அவருக்கு இன்னும் குழப்பம்.