மூன்று விரல் வெளுத்தால் மட்டும்

பிரிட்டிஷ் அரசுக்குக் கணக்கு வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1985-இல் அது விரல்களை எண்ண உட்கார்ந்தது. அதிரும் கருவியை ஆண்டுக்கணக்கில் பிடித்ததால் ரத்தம் ஓடாமல் விரல்கள் வெளுத்துப்போகும் நோயைத் தொழில்நோய்ப் பட்டியலில் 'ஏ11' என்று சேர்த்த கையோடு, யாருடைய விரல் செல்லும் என்றும் வரையறுத்தது. ஐந்து விரலும் உள்ளவருக்கு ஒரே கையில் மூன்று வெளுக்க வேண்டும். நான்கே விரல் உள்ளவருக்கு இரண்டு போதும். அதற்கும் குறைந்தால் ஒன்று. அல்லது எஞ்சியிருக்கும் அந்த ஒரே விரல். கேலிக்குச் சொல்லவில்லை, விதியே அப்படித்தான் இருந்தது. என்ன கருணை! நாலு விரலைச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தவனை அரசு கைவிடவில்லை. ஐந்தாவதைக் காட்டச் சொன்னது.

நுனி மட்டும் வெளுத்தால் சேர்த்தி இல்லை. நடுக்கணுவோ அடிக்கணுவோ வெளுக்க வேண்டும். குளிர்காலத்தில் மட்டும் வந்தால் செல்லாது, வருடம் முழுக்க வர வேண்டும். அடுத்த ஆண்டே இன்னொரு படி வைத்தார்கள்: ஊனம் 14 சதவீதத்தைத் தொடாவிட்டால் பொதுவாக உதவித்தொகை கிடையாது. 13 சதவீதம் என்பது சோம்பல் போலிருக்கிறது.

நோய் புதிது, நிதானித்தார்கள் என்று வக்காலத்து வாங்கவும் வழியில்லை. இண்டியானாவின் பெட்ஃபோர்டில் காற்றழுத்தச் சுத்தியலால் சுண்ணாம்புக்கல் செதுக்கியவர்களின் வெளுத்த விரல்களைப் பற்றி மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918-லேயே எழுதிவிட்டார். இதைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்க்கலாமா என்று பிரிட்டிஷ் அரசின் ஆலோசனைக் குழு 1954-இல் யோசித்து வேண்டாம் என்றது. 1970-இல் மறுபடி யோசித்தது, வேண்டாம். 1975-இலும் வேண்டாம். யோசிக்கிறவர்களின் விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவசரம் என்ன?

அதிரும் கருவி பிடித்த நிலக்கரிச் சுரங்கக்காரனுக்குத்தான் அவசரம். குளிர்ந்த காலையில் அவன் விரல்கள் மெழுகாய் வெளுத்து மரத்துப்போகும். சட்டைப் பொத்தான் கையில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்றே தெரியாது. ரத்தம் திரும்பும்போது விரல் சிவந்து, எரிந்து, விண்விண்ணென்று தெறிக்கும்.

கடைசியில் நீதிமன்றம்தான் வாய் திறந்தது. சுரங்கங்களை நடத்திய பிரிட்டிஷ் கோல் நிறுவனத்துக்கு இந்த ஆபத்து 1973 வாக்கிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்ற தீர்ப்பை 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. அதன் பொறுப்பு 1975 ஜனவரி 1-லிருந்து தொடங்கியது. ஆலோசனைக் குழு மூன்றாவது முறையாக வேண்டாம் என்ற அதே 1975. நிறுவனத்தின் கடன் அரசின் தலையில் விழ, 1999-இல் இழப்பீட்டுத் திட்டம் பிறந்தது. சுமார் 1,70,000 பேர் விண்ணப்பித்தார்கள்.

வந்தவர்களிடம் 'வாருங்கள், கையை இந்தக் குளிர்ந்த தண்ணீரில் வையுங்கள்' என்றார்கள். சூடு உணர்கிறதா, அதிர்வு உணர்கிறதா, சின்னச் சின்னக் குச்சிகளைத் துளைகளில் செருக முடிகிறதா என்றெல்லாம் சோதித்தார்கள். நிலக்கரி தோண்டச் சொன்னபோது இவ்வளவு நுணுக்கமாக யாரும் அந்தக் கையைப் பார்த்ததில்லை. வீட்டுவேலை செய்ய முடியாததற்கும் தனியாகத் தொகை இருந்தது: தோட்டவேலை, ஜன்னல் துடைப்பது, சுவருக்கு வண்ணம் பூசுவது, கார் கழுவுவது என்று அதற்கும் ஒரு பட்டியல். பேரக்குழந்தையின் சட்டைக்குப் பொத்தான் போடுவது அதில் இல்லை.

பிறகு வக்கீல்கள் வந்தார்கள். ஒரு கோப்புக்கு இவ்வளவு என்று அவர்களுக்கு அரசே கட்டணம் கொடுத்தது. சுரங்கக்காரன் பைசா தர வேண்டியதில்லை. ஆனாலும் பலர் அவனுக்கு வந்த இழப்பீட்டிலும் ஒரு துண்டை வெட்டிக்கொண்டார்கள். சுரங்கக்காரர்களின் நுரையீரல் நோய்க்கென்று இருந்த இன்னொரு திட்டத்தையும் சேர்த்து, இழப்பீடு 410 கோடி பவுண்டு ஆகும் என்றும், அதைக் கொடுத்து முடிக்கும் நிர்வாகச் செலவே 230 கோடி ஆகும் என்றும் 2007-இல் தேசியத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. இந்த 230 கோடிக்கு யாரும் மூன்று விரல் காட்டவில்லை.

2008-இல் டான்காஸ்டரில் இந்த வழக்குகளால் பெரும்பணம் பார்த்த ஒரு நிறுவனத்தின் பங்குதாரர்கள் இருவரை ஒழுங்கு நடவடிக்கைத் தீர்ப்பாயம் வக்கீல் பதிவேட்டிலிருந்து நீக்கியது. அவர்கள் எத்தனை சதவீதம் நேர்மையிழந்தார்கள் என்று எந்த மருத்துவரும் அளக்கவில்லை. 14-க்குக் கீழே இருந்தால் விட்டுவிடலாம் என்று யாரும் சொல்லவுமில்லை.