கப்பலை முழுங்குன கரண்டி

மூணு கோடிக்கு ஒரு கரண்டி வாங்கலாமா வேணாமான்னு என்கிட்ட யோசனை கேட்ட மொத ஆளு நீதான் பேராண்டி. ரூவா இல்ல தாத்தா, கிரெடிட்டுன்னு திருத்துறே. சரி, இல்லாத காசுன்னா இன்னும் தாராளமா யோசனை சொல்லலாம்.

மொதல்ல ஒண்ணு கேக்குறேன். சூரியனார் கோயில் நமக்கு ஆடுதுறையிலேர்ந்து கூப்பிடு தூரம். திங்களூர், ஆலங்குடி, கஞ்சனூர், திருநள்ளாறுன்னு ஒன்பது கோளையும் நம்ம பக்கத்து ஆளு ஒரே நாள்ல பஸ்ஸுல சுத்திட்டு, ராத்திரி சோத்துக்கு வீட்டுல வந்து உக்காந்துடுறான். நீ ஒரு சூரியனைத் தேடிப் போறதுக்கு மூணு ராத்திரி கண்ணு முழிக்கிறே. போன எடத்துல அர்ச்சனையும் இல்ல, பிரசாதமும் இல்ல. எண்ணெய் மோந்துக்கிட்டு அடுத்த சூரியனுக்குக் கெளம்பிடுறே. இதுக்குப் பேரு ஆராய்ச்சியாம்!

நீ பின்னாடி திரும்பிப் பாக்கலேன்னாலும் நாற்காலிக்குப் பின்னால நின்னு எல்லாத்தையும் கவனிச்சிருக்கேன். விளையாட்டுப் பேரு எலைட் டேஞ்சரஸ். 1984ல டேவிட் பிராபன், இயன் பெல்லுன்னு ரெண்டு பேரு எழுதுன பழைய எலைட்டோட வாரிசு. 2014 டிசம்பர்ல கேம்பிரிட்ஜ்ல உள்ள ஃபிரான்டியர் கம்பெனி வெளியிட்டுச்சு. பால்வீதி முழுசையும் அளவு கொறைக்காம உள்ள வெச்சிருக்கான். 40,000 கோடி நட்சத்திர மண்டலமாம். அத்தனைக்கும் ஒரு வி.ஏ.ஓ. கூட கெடையாதுங்கிறதுதான் எனக்குப் புடிச்ச சங்கதி.

கப்பலுக்குத் தீனி ஹைட்ரஜன். நட்சத்திரத்தை ஒட்டிப் பறந்தா, ஃபியூயல் ஸ்கூப்புன்னு நீ சொல்ற அந்தக் கரண்டி அள்ளி அள்ளித் தொட்டியில ஊத்தும். அள்ளுறதுக்குக் காசு கெடையாது. இந்தக் கதை எனக்குப் புதுசு இல்லடா. 1990லேர்ந்து நம்ம வயக்காட்டு மோட்டாருக்குக் கரண்டு இலவசம். கரண்டுதான் சும்மா வருதேன்னு தேவைக்கு மேல எச்.பி. வாங்கி, குழாய் வாய் மட்டும் சின்னதா வெச்சவன் எத்தனை பேரு தெரியுமா? மோட்டாரு மேல ஒட்டுன சீட்டைப் பாத்து வாங்குனவன் அவன். வாய்க்கால்ல தண்ணி வர்ற வேகத்தைப் பாத்து வாங்குனவன் வேற ஆளு. நீ எந்த ஆளுன்னு இப்பப் பாத்துடுவோம்.

ஒன் கப்பல் வயித்துல நம்பர் போட்ட பொந்து இருக்கு. 1லேர்ந்து 8 வரைக்கும் கரண்டி இருக்கு. நம்பர் கூடுனா வாய் அகலம். ஒவ்வொரு நம்பர்லயும் இ, டி, சி, பி, ஏன்னு அஞ்சு தரம். இ மட்டம், ஏ ஒசத்தி. நம்ம பள்ளிக்கூடத்துல மார்க்கு போடுற மாதிரி எழுத்தைப் பாத்ததும் ஒனக்கு ஏ மேல ஆசை வந்துடுச்சு. பரீச்சையில வராத ஆசை இங்க வருது, வரட்டும்.

இப்ப அந்தப் பட்டியலை வாசி. ஆறாம் நம்பர் கரண்டியில இ தரம் வினாடிக்கு 376 கிலோ அள்ளும். சி 627 கிலோ. பி 753. ஏ 878. பியிலேர்ந்து ஏக்குப் போனா ஆறுல ஒரு பங்குதான் கூடுது. வெலை? சி சுமார் 18 லட்சம். பி சுமார் 72 லட்சம். ஏ 2 கோடியே 87 லட்சம். படிக்கு நாலு மடங்கு ஏறுதுடா. நெல்லு யாவாரி கூட இவ்ளோ தைரியமா வெலை சொல்ல மாட்டான்.

இதுல இன்னொரு கூத்து கேளு. அஞ்சாம் நம்பர் ஏ கரண்டி 577 கிலோதான் அள்ளுது, வெலை 90 லட்சத்துக்கு மேல. ஆறாம் நம்பர் சி அதைவிட அம்பது கிலோ கூட அள்ளுது, வெலை அதுல அஞ்சுல ஒரு பங்கு. பெரிய பொந்து இருக்கையில சின்னப் பொந்துல ஒசத்தி எழுத்தை வெக்கிறவனை என்னன்னு சொல்றது? நம்ம தெருவுல அவனுக்குப் பேரு உண்டு, ஒன் அப்பாயி பக்கத்துல நிக்கிறதால சொல்லலை.

பெரிய கரண்டின்னா கப்பல் கனத்துப் போயிடுமோன்னு பயப்படாதே. எந்த நம்பரா இருந்தாலும் கரண்டிக்கு எடை சுழி. எந்த எடைமேடையிலும் நான் இப்படி ஒரு சரக்கைப் பாத்தது கெடையாது. ஒரு நட்சத்திரத்துலேர்ந்து அடுத்ததுக்குக் கப்பல் தாவுற தூரம் கொறையாது. அடைக்கிறது அந்த ஒரு பொந்தைத்தான். ஒன் ஆஸ்ப் எக்ஸ்ப்ளோரர் கப்பல்ல ஆறாம் நம்பர் பொந்து ஒண்ணு, அஞ்சாம் நம்பர் பொந்து ஒண்ணு. ஆறுல கரண்டி. அஞ்சுல கார்டியன் பூஸ்டர்னு ஒண்ணு வெக்கிறாங்களே, தாவுறதுக்குப் பத்தரை ஒளியாண்டு கூட்டிக் குடுக்குமே, அது. சரக்கு ஏத்துறதுக்கு எடம் இல்லையேன்னு முழிக்காதே. அண்டத்தைப் பாக்கப் போறவனுக்கு எதுக்குடா மூட்டை?

அந்த ஆஸ்ப் என்ன வெலை? 66 லட்சத்து சொச்சம். கப்பல் 66 லட்சம், கரண்டி 2 கோடியே 87 லட்சம். சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கா பணம்னு சொல்லுவாங்களே, அந்தச் சுண்டைக்காயே நீ வாங்குன கப்பல்தான்.

வேகம் வேணும் தாத்தாங்கிறே. சரி, வேகத்தையும் கணக்குப் போட்டுடுவோம். ஒன் எஞ்சின் ஒரு தாவலுக்கு மிஞ்சிப்போனா 5 டன் குடிக்கும். தொட்டி 32 டன். காலித் தொட்டியோட வந்து நிக்கிறவன் அபூர்வம். குடிச்ச 5 டன்னை ரொப்ப ஏ கரண்டிக்கு 6 வினாடி. சி கரண்டிக்கு 8 வினாடி. ரெண்டு வினாடியும் கொசுறும்தான் வித்தியாசம். அந்த விளையாட்டுல கொலோனியான்னு தூரத்துல ஒரு எடம் இருக்கே, அதுக்கு 22,000 ஒளியாண்டு, தாவலுக்கு 50ன்னு வெச்சா 440 தாவல். போயிச் சேர்ற வரைக்கும் மொத்தமா மிச்சமாகுறது பதினேழு நிமிஷம். அந்தப் பதினேழு நிமிஷத்தை வெச்சு என்ன பண்ணப் போறே? கீழ எறங்கி வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டுவியா? ஒப்புக்கிட்டா 2 கோடியே 70 லட்சம் கூட குடுத்து ஏவே வாங்கிக்க.

அதுக்காக இருக்குறதுலயே மட்டமா வாங்குன்னு நான் சொல்லலை. இதே வழிக்கு மூணாம் நம்பர் பொந்துல ஏ கரண்டி வெச்சேன்னு வையி, வினாடிக்கு 176 கிலோ, தாவலுக்கு 28 வினாடி. ஆறாம் நம்பர் சியைவிட ரெண்டரை மணி நேரம் கூடுதலா சூரியனைச் சுத்தி வெட்டியா வெந்துக்கிட்டு நிப்பே. நேரத்தைத் திங்கிறது சின்ன நம்பருதான். எழுத்து அவ்வளவா திங்காது.

இன்னொண்ணு ஒளிச்சு வெச்சிருக்கே, அதையும் நானே சொல்லிடுறேன். கப்பல் வெடிச்சா மறுபடி வாங்க மொத்த மதிப்புல 5 சதவீதம் இன்சூரன்ஸ் கட்டணும். ஏ கரண்டி ஒண்ணுக்காக மட்டும் ஒவ்வொரு தடவையும் 14 லட்சம். நீ எவ்ளோ தடவை வெடிப்பேன்னு மாடிப்படி வரைக்கும் கேக்குற ஒன் கூச்சலை வெச்சே எனக்குத் தெரியும்.

திருப்பி வித்தா முழுக்காசும் வந்துடும் தாத்தாங்கிறே. உண்மைதான், கப்பலை வித்தா பத்துல ஒண்ணு போகும், சாமானை வித்தா குடுத்த காசு அப்படியே வரும். அப்பறம் என்னடா அவசரம்? இன்னிக்கு சி வாங்கு. காசு சேந்ததும் அதைக் குடுத்துட்டு பி வாங்கு. ஒரு கிரெடிட்டு நட்டம் இல்ல. இந்த வசதி நம்ம டிராக்டர் கடையில உண்டான்னு கேட்டுப் பாரேன், அடிக்க வருவான்.

கரண்டியை வாங்கிட்டேன், எல்லா நட்சத்திரத்துலயும் அள்ளலாம்னு நெனச்சுக்காதே. அங்கேயும் எழுத்துதான். ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம். இந்த ஏழுல மட்டும்தான் அள்ள முடியும். ஹார்வர்டுல ஆனி ஜம்ப் கேனன்னு ஒரு அம்மா 1901ல வரிசைப்படுத்தி வெச்சது. இங்க ஏன்னா ஒசத்தின்னு அர்த்தம் இல்ல, ஏமாந்துடாதே. நம்ம சூரியன் ஜி. நட்சத்திரத்துல முக்காவாசி எம், செவப்பா சின்னதா இருக்கும், அதுலயே வேலை ஆயிடும். எல், டி, ஒய்னு பழுப்பா மங்கலா நிக்குமே, பாத்தா நட்சத்திரம் மாதிரியே இருக்கும், சொட்டு கூட தேறாது.

வெள்ளைக் குள்ளன்னு ஒரு வகை நட்சத்திரம், அதுலயும் தேறாது. அதைப் பாக்குறப்ப மட்டும் கொஞ்சம் மரியாதையா நிமிந்து உக்காரு. திருவானைக்காவுல 1888ல பொறந்த சி.வி.ராமனோட அண்ணன் மகன் சந்திரசேகர், 1930ல இங்கிலாந்துக்குப் படிக்கக் கப்பல்ல போறப்ப, பத்தொம்பது வயசுல, உக்காந்த எடத்துலேயே கணக்குப் போட்டாரு. ஒரு அளவுக்கு மேல எடை இருந்தா அது வெள்ளைக் குள்ளனா நிலைச்சு நிக்க முடியாதுன்னு. இப்பத்தக் கணக்குல அந்த அளவு சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு. அந்த வேலைக்கெல்லாம் சேத்து 1983ல நோபல் பரிசு வந்துச்சு. அவரும் கப்பல்ல போனாரு, நீயும் கப்பல்ல போறே. நான் ஒண்ணும் சொல்லலை.

நிலைக்காதது சுருங்கி நியூட்ரான் நட்சத்திரமாவும், அதுக்கும் மேல போனா கருந்துளையாவும் ஆகும். ஒன் விளையாட்டுல நியூட்ரான்காரன் ரெண்டு பக்கமும் ஒளிக்கூம்பு பீச்சிக்கிட்டு நிக்கிறான். அதுல நொழைஞ்சு வந்தா அடுத்த தாவல் 4 மடங்கு தூரம். அந்த ருசிக்கு மயங்கித் தொடர்ந்து தாவிக்கிட்டே போயி, நடுவுல எண்ணெய் எடுக்க எடம் இல்லாம நிக்கிறவன்தான் அதிகம். மூணு கோடி கரண்டி அங்க முதுகு சொறியக் கூட ஒதவாது. வரைபடத்துல அள்ளக்கூடிய ஏழு எழுத்தை மட்டும் டிக் பண்ணி, அந்த வழியாவே ரூட்டு போடுன்னு சொல்ற வசதி இருக்கு. காசு கெடையாதுங்கிறதாலயோ என்னவோ, நீ அதைத் தொட்டதே இல்ல.

அள்ளுறப்ப ரொம்ப உள்ள போகாதே. சூடு 100ஐத் தாண்டுனா சாமான் ஒண்ணொண்ணா கருகும். அள்ளிக்கிட்டே அடுத்த தாவலுக்கும் எஞ்சினை முறுக்குனா சூடு இன்னும் ஏறும். நெஜத்துல பார்க்கர்னு ஒரு ஆளில்லாக் கலம், 2024 டிசம்பர் 24ல, சூரியனுக்கு 61 லட்சம் கிலோமீட்டர் பக்கத்துல போச்சு, கெட்டியான கார்பன் கவசத்தைப் புடிச்சுக்கிட்டு. அள்ளவெல்லாம் இல்ல. வானத்துல வெச்சு எண்ணெய் ஊத்துன வித்தையை ரஷ்யாக்காரன் 1978லயே காட்டிட்டான். பிராக்ரஸ் 1 வண்டி போயி சல்யூட் 6 நிலையத்துக்கு ஊத்துச்சு. நம்ம இஸ்ரோ 2025 ஜனவரி 16ல ஸ்பேடெக்ஸ்ல ரெண்டு கலத்தை முட்டாம மோதாம ஒட்ட வெச்சுது. எண்ணெய் ஊத்தணும்னா மொதல்ல ஒட்டத் தெரியணும்.

இத்தனையும் சொன்ன பொறவும் நீ நடுவழியில நிப்பே. நின்னா என்ன பண்றதுன்னும் சொல்லிடுறேன். ஃபியூயல் ரேட்ஸ்னு ஒரு கூட்டம், எலிங்க. 2015லேர்ந்து விளையாடுற ஆளுங்களே சேந்து நடத்துறாங்க. கூப்புட்டா எங்க நின்னாலும் வந்து, குட்டி எந்திரத்தை அனுப்பி எண்ணெய் ஊத்திட்டுப் போறாங்க. காசு வாங்குறது இல்ல. நம்ம வயல்ல எலின்னா தஞ்சாவூர் கிட்டி வெச்சு, வாலை எண்ணிக் கூலி குடுப்போம். அங்க எலிதான் தர்மம் பண்ணுது, காலம் அப்படி. ஒண்ணை மட்டும் ஞாபகம் வெச்சுக்க. எண்ணெய் தீந்து மூச்சுக்காத்துக் கடிகாரம் ஓட ஆரம்பிச்சா ஒடனே விளையாட்டை விட்டு மொத மெனுவுக்கு வந்துடு, அப்பறம் எலியைக் கூப்புடு. கடைசிச் சொட்டு வரைக்கும் பாப்போமேன்னு வீம்பு பண்ணாதே, அது ஒன் அப்பன் புத்தி.

அடுத்து அனகோண்டா கப்பல் வாங்கலாமான்னு கேக்கப் போறே, மூஞ்சியிலயே தெரியுது. அது 14 கோடியே 69 லட்சம். ஏழாம் நம்பர் பொந்து ஒண்ணு இருக்கு, அதுக்கு ஏ கரண்டி மட்டும் 9 கோடிக்கு மேல. தொட்டி என்னமோ ஒன் ஆஸ்ப்ல இருக்குற அதே 32 டன்தான். அந்த யோசனைக்கு கூலி தனி. கும்பகோணம் கொழுந்து வெத்தலை ஒரு கவுளி, சீவல் கால் கிலோ. கிரெடிட்டு செல்லாது.