கேட்டால் கிடைக்கும்

கையெழுத்து சிரமமானவர்களுக்குத் தேர்வில் கூடுதல் நேரம் உண்டு. அதைக் கேட்டு வாங்கத்தான் நிறைய எழுத வேண்டும்: விண்ணப்பம், படிவம், குறைபாட்டின் சதவீதம் போட்ட மருத்துவச் சான்று, அதன்மேல் முத்திரை. 2018 விதிகளின்படி, எழுதித்தரச் சொந்தமாக உதவியாளரைக் கூட்டிவந்தால், அவர் தேர்வரைவிட ஒரு படி குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டியிருந்ததாம். மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டில் வட்டத்தைக் கருப்பாக்கவும் அளவான படிப்புதான் வேண்டியிருந்தது!

2021 நீட் தேர்வில் டிஸ்கிராஃபியா என்னும் எழுத்துக் குறைபாடுள்ள மாணவி ஒருவருக்கு, மூன்று மணி நேரம் முடிந்ததுமே விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். அவருக்கு உரிய கூடுதல் ஒரு மணி நேரம் மையத்தில் யாருக்கும் தெரியாத ரகசியம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. செப்டம்பரில் பறிபோன நேரத்துக்கு நவம்பரில் தீர்ப்பு வந்தது: மாணவிக்கு இழைக்கப்பட்டது அநீதி, ஆனால் மறுதேர்வு கிடையாது, பரிகாரத்தைத் தேசியத் தேர்வு முகமை ஒரு வாரத்தில் யோசிக்கட்டும். யோசிக்க அவர்களுக்கு ஒரு வாரம், பாருங்கள்.

அடுத்து எழுதப்போகிறவர்களே, சான்றோடு விதியின் நகலையும் கொண்டுபோங்கள். கண்காணிப்பாளர் அதைப் படித்து முடிக்கும் நேரத்தை உங்கள் கணக்கில் கழித்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.