மணலுக்குப் படித்தவர்கள் மழையில் எழுதிய பரீட்சை

இரண்டாம் உலகப் போர் என்றால் சினிமாக்காரர்களுக்கு வட ஆப்பிரிக்கப் பாலைவனம்தான் இனிக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் மணல், ரோம்மெல், மான்ட்கோமரி, புழுதி கிளப்பும் டாங்கிகள். மலாயாவில் எங்கள் ஊரான கோப்பெங்கில் என்ன இருந்தது? ஈயச் சுரங்கம், பால்மரம், மழை, அட்டை. ஆனாலும் அந்த மணலும் எங்கள் ஊரும் பங்காளிகள். சொத்து அங்கே போனது, கடன் இங்கே வந்தது.

1941 நவம்பரில் பாலைவனத் தாக்குதலுக்கு பிரிட்டிஷ்காரர்கள் இறக்கிய டாங்கிகள் 700க்கும் மேல். ரஷ்யாவுக்கும் நூற்றுக்கணக்கில் கப்பலேறின. டிசம்பரில் ஜப்பான்காரன் வந்தபோது மலாயாவில் இருந்தது பூஜ்யம். இந்தக் காட்டில் டாங்கி ஓடாது என்பது மேலிடத்து நம்பிக்கை. ஜப்பான்காரனுக்கு அந்தச் சுற்றறிக்கை கிடைக்கவில்லை. துரைமார் போட்டுவைத்த தார்ச்சாலையிலேயே டாங்கியை ஓட்டி வந்தான். பின்னால் சைக்கிள் படை. டயர் கிழிந்தால் வெறும் ரிம்மில் மிதித்தார்கள். அந்தக் கடகட சத்தத்தை இருட்டில் டாங்கி என்று எண்ணி எதிரிகள் ஓடியதாக, ஜப்பானிய அதிகாரி சுஜி மசனோபு பிறகு பெருமையாக எழுதினார்.

தடுக்க நின்ற இந்தியப் படைகளில் பல, பாலைவனப் போருக்குப் பயிற்சி பெற்றவை. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேமிக்கப் படித்தவர்களை, வேண்டாம் வேண்டாம் என்றாலும் வானம் கொட்டித் தீர்க்கும் ஊரில் கொண்டுவந்து விட்டார்கள். பிரிட்டிஷ் 18ஆவது டிவிஷன் கதை இன்னும் மோசம். மத்திய கிழக்குக்கென்று கிளம்பிய கப்பலைத் திருப்பினார்கள். பெரும்பகுதி 1942 ஜனவரி 29இல் சிங்கப்பூர் சேர்ந்தது. பிப்ரவரி 15இல் சரண். கைதியாவதற்கு இத்தனை தூரம் வந்தவர்கள் குறைவு.

அதற்கு முன்பே, 1941 டிசம்பர் 28இல், ஈப்போ விழுந்திருந்தது. 12ஆவது இந்திய பிரிகேட் கோப்பெங்கிலும் திப்பாங்கிலும் சற்று மல்லுக்கட்டிவிட்டு கம்பார் பக்கம் பின்வாங்கியது. போர்ப் புத்தகம் படிக்கும்போது இந்த இடத்தில் கொட்டாவி விட்டால் கோப்பெங் கடந்துபோய்விடும். கம்பாரில் மட்டும் கதை மாறியது. ஏற்கெனவே அடிவாங்கிய இரண்டு வெள்ளைக்காரப் பட்டாலியன்களின் மிச்சத்தை ஒட்டுப்போட்டு ‘பிரிட்டிஷ் பட்டாலியன்’ என்றார்கள். பெயர் யோசிக்கவும் நேரமில்லை போலும். அவர்களும் பஞ்சாப் படையின் சீக்கியர்களும் டிசம்பர் 30 முதல் நான்கு நாள் நின்றார்கள். சீக்கியர்கள் துப்பாக்கிமுனைக் கத்தியோடு மேடேறிப் பாய்ந்தார்கள். முன்னால் போன கேப்டன் கிரஹாமின் கால்கள் சிதைந்தன, பிழைக்கவில்லை. இங்கே எனக்குக் கேலி வரவில்லை.

பாலைவனத்தில் நம்மவர்களும் இருந்தார்கள். ‘தம்பி’ என்றே பட்டாளத்தில் பேர்பெற்ற மெட்ராஸ் சாப்பர்கள் அங்கே மண்வெட்டியும் கையுமாக உழைத்தார்கள். ரோம்மெல் படை பிடித்த இந்தியக் கைதிகளை வைத்துத்தான் நேதாஜி ஜெர்மனியில் ஒரு படை திரட்டினார். பிறகு நீர்மூழ்கியில் கிளம்பி, 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்தார். இம்முறை அவர் படையில் சேர்ந்தவர்களில் மலாயாத் தோட்டத் தமிழர் ஏராளம். பால்வெட்டும் கத்தியை வைத்துவிட்டுத் துப்பாக்கி பிடித்தார்கள்.

ஈப்போவிலிருந்து பழைய சாலையில் தாப்பா போகிறவர்கள் கம்பாரில் இறங்கி சண்டை நடந்த பச்சை மேட்டில் ஏறிப் பாருங்கள். பதுங்குகுழிகளின் தடம் இன்னும் இருக்கிறது. அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.