ஸ்பீக்கர் கிழிஞ்சிருச்சா?

கேள்வி: மகன் தமிழ் ராப் போட்டால் வீட்டு ஜன்னல் அதிருது. பாட்டோ கரகரங்குது. கோளாறு ஸ்பீக்கரிலா, பாட்டிலா?
– ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: ஸ்பீக்கர் சௌக்கியம். கரகரப்பு வேண்டுமென்றே வைத்தது. அந்த அதிர்வுக்கு மூதாதை, 1980-ல் ரோலண்ட் கம்பெனி வெளியிட்ட டிஆர்-808 தாள இயந்திரம். அதன் அடிநாதம் சுமார் 50 ஹெர்ட்ஸ். செல்போனின் குட்டி ஸ்பீக்கரில் அது வாயே திறக்காது. அதனால் ஒலியைக் கொஞ்சம் சிதைக்கிறார்கள். சிதைத்தால் மேல்சுருதிகள் முளைக்கும். அதைக் கேட்ட காது, இல்லாத அடிநாதத்தையும் தானே நிரப்பிக்கொள்ளும். உங்க ஊர் பாஷையில், பச்சை அப்பளத்தை எண்ணெயில் போடுகிற காரியம்.

இதெல்லாம் நெல்லைச் சீமைக்குப் புதுசா என்ன? வில்லுப்பாட்டில் குடத்தின் வாயில் மட்டையால் அறைந்தால் ஒரு 'கும்' எழுமே, அது கரண்ட் இல்லாத 808. ராப்பர் வரியை முடிக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து 'யா... யா' என்கிறவர், நம்ம 'ஆமா' போடுகிறவருக்குப் பேரன் முறை. (தாத்தா ஒப்புக்கொள்வாரா, தெரியாது.)

கரகரப்புக்கு உறுமி இருக்கிறது. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்தால் முனகும். லண்டன்வாழ் ஈழத் தமிழ்ப் பெண் எம்.ஐ.ஏ., 2007-ல் வெளியிட்ட 'கலா' ஆல்பத்தில் அந்த முனகலை உலகமே கேட்டது.

ஜன்னல் அதிர்வதற்கு மட்டும் ராப்பைக் குறை சொல்லாதீர்கள். தச்சரைக் கூப்பிடுங்கள்.