ரகசிய வாக்கு, பகிரங்க விற்பனை

ஜெர்மானியக் கால்பந்தின் முதல் இரண்டு டிவிஷன்களிலும் ஆடும் 36 கிளப்புகளின் பிரதிநிதிகள் 2023 டிசம்பர் 11 அன்று ஃபிராங்க்ஃபர்ட்டில் கூடினார்கள். கிறிஸ்துமஸ் நெருங்குகிற நேரம். கொடுக்கல் வாங்கலுக்கு உகந்த மாதம். லீக்கின் ஒளிபரப்பு வருமானத்தில் 8 சதவீதம் வரை, 20 வருடங்களுக்கு, ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுக்கலாமா என்பது கேள்வி. பதிலுக்குக் கைக்கு வருவது ஏறத்தாழ 100 கோடி யூரோ. தீர்மானம் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 24 வாக்குகள் வேண்டும். எண்ணிப் பார்த்தார்கள். ஆதரவு 24, எதிர்ப்பு 10, நடுநிலை 2. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. தையல்காரர் அளவெடுத்துத் தைத்த சட்டைகூட இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தாது.

வாக்கெடுப்பு ரகசியமாக நடந்தது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள்; வலது கை விற்பதும் தெரியக் கூடாது போலிருக்கிறது.

இதில் பெரியவர்களின் விடாமுயற்சியைப் பாராட்டியே ஆக வேண்டும். இதே யோசனை அதே வருடம் மே மாதத்திலும் வந்தது. அப்போது 12.5 சதவீதம் விற்பதாகத் திட்டம். ஆதரவு வாக்கு 20தான் விழுந்தது, தீர்மானம் தோற்றது. சாதாரண மனிதர்களாக இருந்தால், "வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், விடு" என்று போயிருப்பார்கள். லீக்கை நடத்தும் டி.எஃப்.எல். அமைப்பில் சாதாரண மனிதர்களுக்கு இடமில்லை. அளவைக் குறைத்தார்கள், விளக்கப் படங்களை மாற்றினார்கள், "டிஜிட்டல் எதிர்காலம்" என்ற சாம்பிராணியைப் போட்டார்கள், ஏழு மாதத்தில் மறுபடி கொண்டுவந்தார்கள். மக்கள் வேண்டாம் என்றால் திரும்பக் கேட்கலாம்; சரி என்றுவிட்டால் மட்டும் அது இறுதி முடிவு. இந்த ஜனநாயகத்தை நாம் எங்கேயோ பார்த்திருக்கிறோம்.

இப்போது ஹனோவருக்கு வருவோம். ஜெர்மனியில் 50+1 என்று ஒரு விதி உண்டு. கிளப்பின் வியாபாரப் பிரிவில் எவன் எத்தனை கோடி கொட்டினாலும், பாதிக்கு மேல் ஒரு வாக்காவது உறுப்பினர்கள் நடத்தும் தாய்ச் சங்கத்தின் கையில் இருக்க வேண்டும். சந்தா கட்டும் தபால்காரருக்கும் பள்ளி ஆசிரியைக்கும் கோடீஸ்வரனை "உட்காருங்கள்" என்று சொல்லும் உரிமையைத் தருகிற விதி. இரண்டாம் டிவிஷனில் ஆடும் ஹனோவர் 96 கிளப்பின் தாய்ச் சங்கம், இந்த விற்பனைக்கு எதிராக வாக்களிக்கும்படி தன் நிர்வாகி மார்ட்டின் கிண்டுக்கு உத்தரவு போட்டிருந்தது. அவர் என்ன செய்தார்? ரகசியம். எதிர்த்து வாக்களித்ததாகச் சொல்லிக்கொண்ட கிளப்புகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தவர்களுக்கெல்லாம் சந்தேகம் அவர் மீதே விழுந்தது. அவரோ வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு வாக்கு இடம் மாறியிருந்தால் 24 என்பது 23 ஆகி, 100 கோடித் திட்டம் மண்ணைக் கவ்வியிருக்கும்.

கிண்டின் குடும்பத் தொழில் என்ன தெரியுமா? காது கேட்கும் கருவி. ஜெர்மனி முழுக்கக் கடைகள். ஊர்க் காதையெல்லாம் திறந்து வைத்த புண்ணியவானிடம் அவருடைய சங்கமே கொடுத்த உத்தரவு காதில் விழுந்ததா என்று கேட்டால், சட்டப்படி யாருக்கும் தெரியாது. நாமாக ஒரு அங்கத எழுத்தாளரை நியமித்து எழுதச் சொல்லியிருந்தால், "இது ரொம்ப மிகை ஐயா" என்று கைகூப்பியிருப்பார். பின்னால் 2024 ஜூலையில், தாய்ச் சங்கம் வாக்கெடுப்புக்கு முன்பே அவரைப் பதவி நீக்கியிருந்தது செல்லும் என்று ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்கு போட்ட கையை நீதிமன்றம் திருப்பி வாங்க முடியாதே.

ரசிகர்கள் முதலில் மௌனம் காத்தார்கள். டிசம்பர் மாத ஆட்டங்களில் முதல் 12 நிமிடம் காலரியிலிருந்து ஒரு சத்தமில்லை. பன்னிரண்டாவது ஆட்டக்காரர் என்று மேடைதோறும் புகழப்படுகிறவர் ரசிகர் அல்லவா, அதனால் 12 நிமிடம். நின்று பாடும் கூட்டம் வாயை மூடினால் என்ன கேட்கும் என்று தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குத் தெரியும். பூட்ஸ் பந்தில் படும் 'டொக்'. கோல்கீப்பர் தன் தடுப்பாட்டக்காரரை வையும் குரல். பெஞ்சிலிருந்து பயிற்சியாளர் போடும் கூச்சல். மாலையில் பள்ளி மைதானத்தில் நடக்கும் பயிற்சி ஆட்டம் போல இருந்தது. வெளிநாட்டுச் சந்தைக்கு விற்கக் கொண்டுபோன 'விறுவிறுப்பான சூழல்' என்ற சரக்கு யாருடைய தொண்டையிலிருந்து வந்துகொண்டிருந்தது என்பது 12 நிமிடத்தில் விளங்கியது. விளங்க வேண்டியவர்களுக்கு விளங்கவில்லை.

ஆகவே டென்னிஸ் பந்து வந்தது.

ஜனவரியிலும் பிப்ரவரியிலும் இரண்டு டிவிஷன்களிலும் மஞ்சள் மழை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது காலரியிலிருந்து பந்துகள் பறந்து வரும். நடுவர் விசில் ஊதுவார். பாதுகாப்பு அங்கி போட்ட ஆட்கள் வாளியோடு ஓடுவார்கள். பெனால்டி பெட்டிக்குள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். சர்வதேச ஆட்டக்காரர்கள்கூடக் காலால் தள்ளி உதவுவார்கள். வாளி நிறைந்து, கடைசிப் பந்தும் அகன்று, நடுவர் விசிலை வாயருகே கொண்டுபோகும் அந்தக் கணத்தில் அடுத்த தவணை வந்து விழும். பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தில் ஹெர்த்தாவுக்கும் ஹாம்பர்க்குக்கும் நடந்த ஆட்டம் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றது. இன்னோரிடத்தில் தங்கக் காகிதம் சுற்றிய சாக்லேட் நாணயங்கள். வேறோரிடத்தில் புகை கக்கிக்கொண்டு மைதானத்துக்குள் வலம்வந்த ரிமோட் பொம்மைக் கார்கள். ஹாம்பர்க் மைதானத்தில் கோல் கம்பத்தில் சைக்கிள் பூட்டை மாட்டிவிட்டார்கள். அதை அறுக்க இயந்திரத்தைத் தேட வேண்டியதாயிற்று.

உடனே பண்பாளர்கள் விழித்துக்கொண்டார்கள். ஐயோ, ஆட்டம் தடைபடுகிறதே! தொலைக்காட்சி நேரம் போகிறதே! வேலை செய்கிற மனிதன் விடுப்பு எடுத்தால்தான் போய்ச் சேர முடிகிற மாதிரி, இரண்டாம் டிவிஷன் ஆட்டத்தை வெள்ளிக்கிழமை மாலை 6.30க்கு வைப்பது இவர்கள் கண்ணில் தடையாகப் படவில்லை. நாட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, திங்கள் இரவு ஆட்டத்துக்கு ரசிகர்களை வருடக்கணக்கில் அலையவிட்டது தடை இல்லை. அதையும் 2021இல் ஒழித்தது பெரியவர்களின் கருணையா? மைதானங்களில் வருடக்கணக்காக நடந்த எதிர்ப்பு. ஒளிபரப்புக்காக மனிதனை நகர்த்தினால் அது திட்டமிடல். மனிதன் ஒளிபரப்பை அரை மணி நேரம் நகர்த்தினால் அது ரவுடித்தனம்.

இதையும் சொல்லிவிட வேண்டும்: அந்த பிப்ரவரியில் ஹாம்பர்க்குக்கு வந்த ஹனோவர் ரசிகர்கள் சிலர், கிண்டின் முகத்தைத் துப்பாக்கிக் குறியின் வட்டத்துக்குள் வைத்த படத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். அது கேவலம். எதிர்ப்பின் கணக்கில் வராது. ஆனால் அந்த ஒரு படத்தைக் கண்டதும் பெரியவர்கள் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே! இரண்டு மாதமாக ஆயிரக்கணக்கானோர் கேட்ட ஒற்றைக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க அவர்களுக்கு அப்படி ஒரு படம்தான் தேவைப்பட்டது.

"முதலீடு இல்லாமல் எப்படி வளர்வது?" என்று கேட்டார்கள் அல்லவா? நல்ல கேள்வி. பதிலை அதே சீசனின் இரண்டாம் டிவிஷன் அட்டவணையில் தேடலாம்.

முதலில் ஹெர்த்தா பெர்லின். 2019 முதல் லார்ஸ் விண்ட்ஹார்ஸ்ட் என்ற நிதிப் புள்ளி இந்தக் கிளப்பில் போட்ட பணம் 37.4 கோடி யூரோ. 'பெருநகரக் கிளப்' ஆக்கிக் காட்டுவதாகப் பேச்சு. யூர்கன் கிளின்ஸ்மானைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார்கள். அவர் 76 நாளில் ஃபேஸ்புக்கில் ராஜினாமா எழுதிவிட்டுப் போனார். விண்ட்ஹார்ஸ்ட் தன் பங்கை அமெரிக்காவின் 777 பார்ட்னர்ஸ் நிறுவனத்திடம் தள்ளிவிட்டு நகர்ந்தார். கிளப் 2023இல் இரண்டாம் டிவிஷனில் விழுந்தது. 2024 மே மாதம் அந்த 777 மீதே நியூயார்க்கில் மோசடி வழக்கு வந்து சேர்ந்தது. 37.4 கோடிக்கு வாங்கிய எதிர்காலம் இவ்வளவுதான். இந்தச் சரிவின் நடுவே, 2022இல், கிளப்பைத் தூக்கி நிறுத்த உறுப்பினர்கள் யாரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்? ஒரு காலத்தில் காலரியில் நின்று பாட்டை எடுத்துக்கொடுத்த கை பெர்ன்ஸ்டைனை. பணக்காரர்கள் விட்டுப்போன குப்பையை அள்ளிக்கொண்டிருந்தவர் 2024 ஜனவரி 16 அன்று 43 வயதில் இறந்துபோனார். இவரைப் போன்றவர்களைத்தான் லீக்கின் 'தயாரிப்பு' பாஷையில் வாடிக்கையாளர் என்கிறார்கள்.

அடுத்து ஹாம்பர்க். கோடீஸ்வரர் கிளாவுஸ்-மிகேல் கூனே பல வருடங்களாகக் கொட்டிய கிளப். 2018இல் விழுந்ததிலிருந்து வருடா வருடம் "இந்த முறை நிச்சயம்" என்றார்கள். நாலாம் இடம், நாலாம் இடம், நாலாம் இடம், மூன்றாம் இடம், மூன்றாம் இடம். 2023-24இல் மறுபடி நாலாம் இடம், 58 புள்ளி. பணத்தால் ஒரே இடத்தில் நிலையாக நிற்க முடியும் என்பதை நிரூபித்த பெருமை இவர்களுக்கு.

யார் மேலே போனார்கள்? 69 புள்ளியோடு முதலிடம், அதே ஊரின் துறைமுகப் பக்கத்துக் கிளப்பான சாங்க்ட் பவுலி. பயிற்சியாளர் ஃபாபியன் ஹுர்செலருக்கு வயது 31. 68 புள்ளியோடு இரண்டாமிடம் ஹோல்ஸ்டைன் கீல். ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்திலிருந்து முதல் டிவிஷனான பண்டஸ்லிகாவுக்குப் போன முதல் கிளப். சுமார் 13,000 பேர் வாழும் ஊரின் எல்வர்ஸ்பெர்க், முதன்முறையாக இந்த டிவிஷனுக்கு வந்து 11ஆம் இடத்தில் கம்பீரமாக உட்கார்ந்தது.

மூன்றாமிடம் டுசல்டார்ஃப். சில ஆட்டங்களுக்கு டிக்கெட்டே வேண்டாம் என்று கதவைத் திறந்துவிட்ட கிளப். அப்படி நடந்த முதல் ஆட்டத்தில் 0-3 என்று பின்தங்கியிருந்து 4-3 என்று கைசர்ஸ்லாட்டனை வென்றது. மூன்றாமிடத்துக்குப் பரிசு, முதல் டிவிஷனின் 16ஆவது கிளப்போடு இரண்டு ஆட்டம். எதிரணியின் ஊருக்கே போய் 3-0 என்று ஜெயித்து, சொந்த மைதானத்தில் 0-3 என்று தோற்று, பெனால்டியில் வீழ்ந்தது. 2009 முதல் 2024 வரை இந்தப் போட்டி 16 முறை நடந்தது. கீழ் டிவிஷன் ஜெயித்தது மூன்றே முறை. மேலே இருப்பவனுக்கு விழ மனமில்லை என்றால் ஏணியிலேயே ஒரு படியை மெழுகி வைப்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்.

வாங்க வந்தவர்கள் யார் என்றும் பார்த்துவிடலாம். கடைசியில் களத்தில் இருந்தவை பிளாக்ஸ்டோன், சி.வி.சி. என்ற இரண்டு முதலீட்டு நிறுவனங்கள். சி.வி.சி. நமக்கும் தெரிந்த பெயர்தான். 2021இல் 5,625 கோடி ரூபாய் கொடுத்து ஐ.பி.எல்.லில் குஜராத் அணியை வாங்கியவர்கள். அதே வருடம் ஸ்பெயின் லீக்கில் 50 வருடத்துக்குப் பங்கு வாங்கினார்கள். மறு வருடம் பிரெஞ்சு லீக்கின் வியாபாரப் பிரிவில் 150 கோடி யூரோவுக்கு 13 சதவீதம், காலவரம்பே இல்லாமல். ஜெர்மனியில் 20 வருடம் என்றது பெரிய சலுகை என்றே சொல்ல வேண்டும். அன்று கையெழுத்துப் போடவிருந்த நிர்வாகிகளில் எத்தனை பேர் 2044இல் அந்த நாற்காலியில் இருப்பார்கள்? ஒருவரும் இருக்க மாட்டார். காசு இவர்களுடைய பதவிக்காலத்தில். கடன் அடுத்த தலைமுறையின் தலையில். அன்று நாலு வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்த பிள்ளை, 24 வயதில் தொலைக்காட்சிச் சந்தா கட்டும்போதும் அதில் ஒரு பங்கு லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ போய்க்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளையிடம் யாரும் வாக்கு கேட்கவில்லை.

பிப்ரவரி நடுவில் பிளாக்ஸ்டோன் ஒதுங்கியது. பிப்ரவரி 21 அன்று டி.எஃப்.எல். திட்டத்தையே கைவிடுவதாக அறிவித்தது. டென்னிஸ் பந்து ஜெயித்தது என்று உலகம் சொன்னது. அதைவிட முக்கியமான ஒன்று அந்த அறிவிப்பில் ஒளிந்திருந்தது. "மறுபடி வாக்கெடுங்கள், இந்த முறை வெளிப்படையாக" என்று கிளப்புகளிலிருந்தே குரல் எழுந்திருந்தது. திட்டம் அவ்வளவு நல்லதென்றால், கால்பந்தின் எதிர்காலமே அதில்தான் இருக்கிறதென்றால், ஒரு மண்டபத்தில் 36 பேர் உட்கார்ந்து கையைத் தூக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்கு அவர்கள் தயாராக இல்லை. 100 கோடி யூரோவை விட்டார்கள். மாதக்கணக்கில் செய்த வேலையை விட்டார்கள். சொந்த ஊர் ரசிகன் பார்க்கக் கையைத் தூக்க மட்டும் மனம் வரவில்லை.

அதே வருடம் இலையுதிர் காலத்தில் சாங்க்ட் பவுலி ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. கிளப்பின் மைதானத்தில் பெரும்பங்கு அந்தச் சங்கத்துக்கு என்று ஏற்பாடு. ஒரு பங்குக்குக் கட்டணத்தோடு சேர்த்து 850 யூரோ. 21,000க்கும் மேற்பட்டோர் பணம் கட்டினார்கள், ஏறத்தாழ 2.9 கோடி யூரோ சேர்ந்தது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. முதலீடு வேண்டாம் என்று அந்த மக்கள் ஒருநாளும் சொல்லவில்லை. தங்கள் பெயரைப் போட்டு, தங்கள் காசைப் போட்டு, எல்லோரும் பார்க்கச் செய்தார்கள். டிசம்பர் 11 அன்று ஃபிராங்க்ஃபர்ட் மண்டபத்தில் யார் எந்தப் பக்கம் வாக்களித்தார்கள் என்ற முழுப் பட்டியலை லீக் ஒருநாளும் வெளியிடவில்லை. வெட்கம் என்ற ஒன்று அங்கே மிச்சமிருக்கிறது என்பதற்கு அந்த மறைப்பு ஒன்றே சாட்சி.