ரசிகர் இலக்கணம்: அயலகப் படலம்

அயலக ரசிகர் என்பவர் யார் என்பதற்கு இதுவரை எவரும் முறையாக இலக்கணம் வகுக்கவில்லை. “கலைஞர் ஒரு நாட்டில் இருக்கிறார், ரசிகர் இன்னொரு நாட்டில் இருக்கிறார், இதற்குப் போய் இலக்கணம் எதற்கு?” என்று கேட்பாரும் உளர். அவர்கள் யோஷிகியை அறியாதவர்கள் என்று கருதி, மன்னித்து, மேலே செல்வோம்.

யோஷிகி, எக்ஸ் ஜப்பான் என்ற ராக் குழுவின் தலைவர். டிரம்ஸ் அடிப்பார், பியானோ வாசிப்பார், பாட்டெழுதி மெட்டும் போடுவார். சில கச்சேரிகளின் முடிவில் டிரம்ஸ் மேலேயே சாய்ந்தும் விழுவார். சீபா மாகாணத்தில் ததெயாமா என்ற கடலோர ஊர்க்காரர். மழலையர் பள்ளியிலிருந்தே கூட்டாளியான தோஷியைப் பாடகராக வைத்து 1982-இல் குழுவைத் தொடங்கினார். இவ்வளவும் ஜப்பானில். ஆனால் 90-களின் தொடக்கத்திலேயே ஆசாமி லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபோய்விட்டார். வடக்கு ஹாலிவுட்டில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தையும் விலைக்கு வாங்கினார். மெட்டாலிக்கா குழு தன் புகழ்பெற்ற கறுப்பு அட்டை ஆல்பத்தைப் பதிவு செய்த அதே கூடம்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கடல் நடுவே கிடந்தால் அயலகம் என்று கொண்டால், டோக்கியோ ரசிகருக்கும் யோஷிகிக்கும் நடுவே பசிபிக் பெருங்கடல் கிடக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் ரசிகரோ அவர் வாழும் ஊரிலேயே வாழ்கிறார். ஒரே வெயில், ஒரே போக்குவரத்து நெரிசல். ஆயினும் குறுந்தகடு வெளியாகும் அன்று டோக்கியோ ரசிகர் மாலையில் கடைக்குப் போய் வாங்கி வருகிறார். லாஸ் ஏஞ்சல்ஸ் ரசிகர், தன் ஊர்க்காரர் தன் ஊரில் யோசித்த பாட்டு, டோக்கியோ போய், அச்சாகி, உறையிடப்பட்டு, விமானமேறித் திரும்பி வருவதற்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆகவே கடல் அளவுகோல் ஆகாது.

அஃதேல் தொலைவைக் கொள்ளலாமே எனின், அற்றன்று. ஒகினாவாவின் நாஹா நகரிலிருந்து டோக்கியோ ஏறத்தாழ 1,500 கி.மீ. கொரியாவின் பூசானிலிருந்து ஜப்பானின் ஃபுகுவோகா 200 கி.மீ. சொச்சம்தான். ஆனால் நாஹாக்காரரை யாரும் அயலக ரசிகர் என்பதில்லை. பூசான்காரரை எல்லாரும் என்பார்கள். மொழியும் பயன்படாது. பிரேசிலில் ஜப்பானிய வம்சாவளியினர் ஏராளம். சாவ் பாவ்லோவின் லிபர்தாதே பகுதியில் பாட்டியிடம் ஜப்பானிய மொழி கற்ற ரசிகரும் இருப்பார். வரிக்கு வரி பொருள் தெரிந்து அழுதாலும் அவரும் அயலகத்தவரே.

எல்லா அளவுகோலும் முறிந்த இடத்தில் இவ்வாய்வு தன் முடிபை முன்வைக்கிறது. நூற்பா:

சேய்மையும் அன்று கடலும் அன்று
கடைவாய்ப் பொறியே எல்லை என்ப.

‘என்ப’ என்றது யாரை எனின், யானே. இத்துறையில் முன்னோர் இல்லாத குறையை இவ்வாறு நிரப்புவது நூலாசிரியர்க்கு அனுமதிக்கப்பட்டதே.

இனி உரை. ஜப்பானில் கொன்பினி என்று செல்லமாக அழைக்கப்படும் இருபத்துநாலு மணி நேரக் கடைகள் உண்டு. சோற்று உருண்டை, காலுறை, குடை, தபால்தலை எல்லாம் கிடைக்கும். மின்கட்டணமும் கட்டலாம். லாசன் கடையில் லோப்பி என்று ஒரு பொறி நிற்கும்; ஃபேமிலிமார்ட்டில் ஃபாமிபோர்ட் என்று ஒன்று நெடுங்காலம் நின்றது. கச்சேரி டிக்கெட்டுகள் பல இத்தகைய பொறி வழியாகவே மனிதர் கைக்கு வந்து சேரும். நம்மூரில் முதல் நாள் முதல் காட்சிக்கு முண்டியடிப்பதுபோல் அங்கே முண்டியடிக்க முடியாது. பெரிய கலைஞர் என்றால் குலுக்கல். விண்ணப்பிக்க வேண்டும், முடிவுக்குக் காத்திருக்க வேண்டும், பெயர் விழுந்தால் குறித்த நாளுக்குள் கொன்பினிக்குப் போய்ப் பணம் கட்ட வேண்டும், பிறகு இன்னொரு நாள் போய் டிக்கெட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். இருபது ஆண்டுப் பக்திக்கு இக்குலுக்கலில் கூடுதல் மதிப்பெண் இல்லை. நேற்றுக் கேட்கத் தொடங்கியவருக்கு முன்வரிசையும், உயிரையே வைத்திருப்பவருக்குத் தூணுக்குப் பின்னாலும் இடம் விழும். சமத்துவம் என்பது இவ்வளவு கொடுமையானது என்று நான் முதலில் உணர்ந்தது இதில்தான்.

அயலகத்தவர் இதில் கால் வைக்கும் இடம் விண்ணப்பப் படிவம். ஏழு இலக்க அஞ்சல் குறியீடு கேட்கும். நாற்பத்தேழு மாகாணங்களின் பட்டியல் நீட்டும். ‘பிற’ என்று ஒன்று அதன் அடியில் இருக்கும் என்று இறங்கிக்கொண்டே போவார் ரசிகர், பட்டியல் ஒகினாவாவோடு முடிந்துவிடும். அடுத்துப் பெயரைக் கதகானா எழுத்தில் நிரப்பச் சொல்லும். அதையும் தாண்டினால் ஜப்பானியக் கைபேசி எண், அதற்கு வரும் குறுஞ்செய்தி. சில கச்சேரிகளுக்கு வெளிநாட்டாருக்கென்று தனி விற்பனை உண்டென்பதை நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன். ஆனால் அது விதிவிலக்கு; இலக்கணம் விதியைப் பற்றியது.

தொல்காப்பியர் காட்டிய தோழி இங்கேதான் நுழைகிறாள். ஜப்பானில் குடியிருக்கும் ஒரு அறிமுகம். ஆணாகவும் இருக்கலாம், ஆங்கிலம் கற்பிக்கப் போன கனடாக்காரராகவும் இருக்கலாம். அவர் முகவரி, அவர் கைபேசி, அவர் வீட்டருகே உள்ள லாசன். தலைவன் தலைவியைச் சேர்க்க இரவுக்குறி பகற்குறி பார்த்தவள் அக்காலத் தோழி. பணம் கட்டக் கடைசி நாள் எதுவெனப் பார்ப்பவர் இக்காலத்தவர். 2019 ஜூன் 14 முதல் டிக்கெட்டைக் கூடுதல் விலைக்குக் கைமாற்றுவதைத் தடுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதைச் சார்ந்த கச்சேரிகளின் வாசலில் பெயரைச் சரிபார்ப்பதும் உண்டு. கள்ளச்சந்தையை ஒழிக்க வந்த நல்ல சட்டம்தான். தோழி மரபுக்கு அது செய்த சேதத்தை மட்டும் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இது எந்தத் திணை? அவசரக்காரர் கைக்கிளை என்பர். ஒருதலைக் காதல், அவருக்கு இவரைத் தெரியவே தெரியாது என்பது அவர் வாதம். பொருந்தாது. கச்சேரியில் யோஷிகி “வீ ஆர்” என்று கத்த, கூட்டம் “எக்ஸ்” என்று மறுமொழி கத்தும். இதை மறுபடி மறுபடிச் செய்வார்கள். ‘எக்ஸ்’ என்ற பாட்டு வந்தால் ஆயிரக்கணக்கானவர் கைகளைத் தலைக்கு மேல் பெருக்கல் குறியாக வைத்து ஒன்றாகக் குதிப்பார்கள். உலகெங்கும் ஒரே குதி. சிகாகோவில் 2010-இல் லொல்லபலூசா விழாவிலும் அதே குதி. வினாவும் விடையும் இருக்கும் உறவைக் கைக்கிளை எனல் இலக்கணப் பிழை.

இது முல்லை. இருத்தலும் இருத்தல் நிமித்தமும். கார்காலத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போன தலைவன் வரவில்லை, மழை வந்துவிட்டது, தலைவி கலங்குகிறாள். “இது கார்காலமே இல்லை, ஏதோ மேகம் தவறுதலாகப் பெய்துவிட்டது” என்று தோழி தேற்றுகிறாள். பருவம் அன்றென வற்புறுத்தல் என்பார்கள் இதை. சங்கப் புலவர்களுக்கு எக்ஸ் ஜப்பான் ரசிகர்களைத் தெரியாது. தெரிந்திருந்தால் இத்துறையில் இன்னும் பல பாடல் கிடைத்திருக்கும்.

சான்றுகள் காண்க. பத்தாண்டுப் பிரிவுக்குப் பின் குழு மறுபடி சேர்ந்து 2008 மார்ச்சில் டோக்கியோ டோமில் பாடியது. அதே ஆண்டு ஜூலையில் பாரிஸ், செப்டம்பரில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் என்று அறிவிப்பு. இரண்டும் நடக்கவில்லை. பாரிஸுக்கு அவர்கள் வந்தது 2011-இல். மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஏறியது 2014 அக்டோபர் 11. லண்டன் வெம்ப்ளி அரங்கு 2016 மார்ச் 12 என்றார்கள். கிதார் கலைஞர் பாதா மருத்துவமனையில் சேர்க்கப்பட, அது 2017 மார்ச் 4-க்குத் தள்ளிப்போனது. யோஷிகியின் கழுத்துக்கு 2009, 2017, 2024 என்று மூன்று அறுவைச் சிகிச்சைகள். தலையைச் சுழற்றிச் சுழற்றி டிரம்ஸ் அடித்ததன் கூலி. இவ்வளவையும் தாண்டி நிற்பது ஆல்பம். ‘டாலியா’ வெளிவந்தது 1996 நவம்பர் 4. அதற்கடுத்த முழு ஸ்டுடியோ ஆல்பத்துக்கு 2016 மார்ச் 11 என்று நாளே குறித்தார்கள். நாள் வந்தது, போனது. பின்னொரு கட்டத்தில் பதிவு முடிந்துவிட்டது என்ற செய்தியும் வந்தது. ரசிகர்கள் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ளும் பாங்கைக் கவனித்தால் அச்சு அசல் தோழி கூற்றுதான்: அது நாள் குறித்ததே இல்லை, ஒரு யோசனை மட்டும், முடிந்தது என்றால் கிட்டத்தட்ட முடிந்தது என்று பொருள். 2023-இல் பேஸ் கலைஞர் ஹீத் காலமானபோது இந்த வேடிக்கைப் பேச்சு கொஞ்ச நாள் நின்றிருந்தது.

கொரியா தனி இயல். விடுதலைக்குப் பின் அங்கே ஜப்பானியப் பாட்டு, படம் எல்லாவற்றுக்கும் தடை. எனவே 90-களில் கொரிய இளைஞர் எக்ஸ் ஜப்பானைக் கேட்டது முழுக்கக் களவு. திருட்டு ஒலிநாடா, கைக்குக் கை, அட்டையில் பெயர்கூட இல்லாமல். தடை முதன்முதலாகத் தளர்ந்தது 1998 அக்டோபரில். அதற்குள் குழு கலைந்துவிட்டது; கடைசிக் கச்சேரி 1997 டிசம்பர் 31. இளஞ்சிவப்புத் தலைமுடியோடு மேடையைக் கலக்கிய கிதார் கலைஞர் ஹிதே 1998 மே 2-ஆம் நாள் தம் 33-ஆம் வயதில் இறந்துபோனார். டோக்கியோவின் த்ஸுகிஜி ஹொங்கான்ஜி கோயிலில் நடந்த இறுதிச் சடங்குக்குத் திரண்டவர் சுமார் 50,000 பேர். ஜப்பானிய மொழிப் பாட்டுத் தட்டுகளைக் கொரியக் கடைகளில் வெளிப்படையாக விற்க அனுமதி வந்தது 2004 ஜனவரியில். களவு கற்பாக மாறிய நாளில் தலைவனே இல்லை. தொல்காப்பியத்தில் இதற்கு விதி தேடினேன், கிடைக்கவில்லை. எஞ்சியவர்கள் சேர்ந்து சியோலில் மேடையேறியது 2011 அக்டோபர் 28.

நற்றாய், செவிலி பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இரண்டு சாண் உயரத்துக்கு முடியை நிறுத்தி, உதட்டுச்சாயம் பூசிய ஆண்களின் படத்தை மகள் சுவரில் ஒட்டினால் எந்த நாட்டுத் தாயும் கேள்வி கேட்பாள். இதற்கு ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைவசம் வைத்திருக்கும் விடைகள் இரண்டு. ஒன்று, பேரரசர் அகிஹிதோ அரியணையேறிய பத்தாம் ஆண்டு விழாவில், 1999 நவம்பர் 12 அன்று, அவர் முன்னிலையில் பியானோ வாசித்தவர் இதே யோஷிகி. இரண்டு, பிரதமராயிருந்த கொய்சுமி இவர்கள் ரசிகர். 2001-இல் அவர் கட்சி விளம்பரத்தில் ஒலித்தது இவர்களின் ‘ஃபாரெவர் லவ்’. அரசரும் அமைச்சரும் கேட்ட பாட்டு என்றதும் அம்மாக்கள் ஓரளவு அடங்குவதாகத் தெரிகிறது. தலைமுடி பற்றிய ஆட்சேபம் மட்டும் நீடிக்கும்.

பொருளதிகாரத்துக்கு வருவோம். ஜப்பானில் பாட்டுத் தட்டின் சில்லறை விலையை வெளியீட்டாளரே நிர்ணயிக்கலாம். போட்டிச் சட்டத்தில் அதற்கு விலக்கு இருக்கிறது. ஆகவே புதிய ஆல்பம் 3,000 யென் என்றால் எல்லாக் கடையிலும் 3,000 யென்தான். உறைக்கு மேல் ஒபி என்று ஒரு தாள் பட்டை சுற்றி வரும். விலை, பெயர், விளம்பரம் அச்சடித்த வெறும் தாள். உள்நாட்டு ரசிகர் பிரித்ததும் அதைக் குப்பையில் போடுவதும் உண்டு. அயலக ரசிகர் அதைக் கிழியாமல் கழற்றி, உள்ளே வைத்து, மறுவிற்பனையில் ஒபி இல்லாத பிரதியைக் கண்டால் முகம் சுளிப்பார். முதல் அச்சுச் சிறப்புப் பதிப்பு, சாதாரணப் பதிப்பு என்று ஒரே பாட்டு பல வேடத்தில் வரும். ஒன்றில் இருக்கும் பாட்டு மற்றதில் இராது. ரசிகர் எல்லாம் வாங்குவார். தபால் செலவு தட்டின் விலையைத் தாண்டும் கணத்தில் அவர் கணக்குப் பார்ப்பதை நிறுத்துகிறார். ரசிகர் பிறப்பது அந்தக் கணத்தில்தான் என்பது என் துணிபு.

காலம் பற்றி ஒரு குறிப்பு. ஜப்பானில் தட்டுகள் வழக்கமாகப் புதன்கிழமை வெளியாகும். அங்கே புதன் பிறக்கும் நள்ளிரவு, இந்தியாவில் செவ்வாய் இரவு எட்டரை, சாப்பாட்டு நேரம். சிலி நாட்டு ரசிகருக்கோ செவ்வாய்ப் பகல், அலுவலகத்தில் மேலாளர் எதிரே. இந்த ஒன்றில் மட்டும் நாம் கொடுத்து வைத்தவர்கள்.

ஜப்பானிய மொழியைப் பாட்டு வழியே கற்பது பற்றியும் ஆராய எண்ணியிருந்தேன். கண்ணீர், ரோஜா, ரத்தம், நிரந்தரம் ஆகியவற்றைச் சரளமாகச் சொல்லத் தெரிந்த ஒருவர், விமான நிலையத்தில் கழிப்பறை எங்கே என்று கேட்கத் தெரியாமல் நிற்பார் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

இறுதியாக ஓர் ஆட்சேபம், தைவானிலிருந்து. தைவானிலும் ஃபேமிலிமார்ட் உண்டு. அதற்குள் ஃபாமிபோர்ட் என்ற பெயரிலேயே பொறியும் உண்டு. உள்ளூர்க் கச்சேரி டிக்கெட்டும் தரும். நூற்பாவின்படி பார்த்தால் தைபே ரசிகர் அயலகத்தவர் ஆகார். ஆனால் டோக்கியோ குலுக்கலில் விழுந்த எண்ணைக் கொண்டுபோய் அதில் தட்டினால் டிக்கெட் வராது. எனவே ‘பொறி’ என்பதற்கு முன் ‘ஜப்பான்’ என்ற அடைமொழி சேர்த்துக்கொள்க. சேர்த்தால் ஓசை கெடும், தளை தட்டும் என்று புலவர் சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்கு விடை எக்ஸ் ஜப்பானிடமே இருக்கிறது: 1992 வரை இக்குழுவின் பெயர் வெறும் எக்ஸ். அமெரிக்கச் சந்தையில் இறங்கப் போனபோது அங்கே அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ராக் குழு இருந்தது. உடனே பின்னால் ஜப்பானைச் சேர்த்துக்கொண்டார்கள். ரசிகர்கள் இன்றும் பழைய ஒற்றை எழுத்தைத்தான் கத்துகிறார்கள். தளை எதுவும் தட்டியதாகப் புகார் இல்லை.